"வலுவிழந்துவிட்டது": கிழக்குக் கரையின் சூறாவளி அறிவிப்புகள் – ஒரு வரலாற்றுப் பார்வை

கிழக்கிலங்கைக் கரையோரத்தில் வயது சொல்வதற்கு இரண்டு ஆண்டுகள் எல்லைக்கல்லாக நிற்கின்றன. ஒன்று 1978, சூறாவளி ஆண்டு. மற்றது 2004, கடல் வந்த ஆண்டு. "சூறாவளிக்கு முன்னர் கட்டிய வீடு", "சூறாவளிக்கு அடுத்த வருசம் பிறந்த பிள்ளை" என்ற பேச்சு மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலும் அதன் பின்னரும் வந்து, வலுவிழந்து, பெயரும் மறந்துபோன தாழமுக்கங்கள் எத்தனையோ. அவற்றைப் பற்றி நாம் எழுதி வைப்பதில்லை. கரையை நெருங்கியதும் பலம் குறைந்துவிட்டது என்று வானொலி அறிவித்தவுடன் ஊர் பெருமூச்சு விடுகிறது. கதை அத்தோடு முடிந்துவிடுகிறது.

உண்மையில் கதை அத்தோடு முடிகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அண்மைக்கால நிகழ்வுகள் மூன்றை 1978 உடன் ஒப்பிட்டு நோக்கும்போது, "வலுவிழந்தது" என்ற அந்த ஒற்றைச் சொல் நமது கரையில் எவ்வளவு தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டு வந்திருக்கிறது என்பது தெரியவரும்.

காற்றுக்கு இட்ட பெயர்கள்

வங்காள விரிகுடாவின் காற்றை அறிந்தவர்கள் வானிலை விஞ்ஞானம் தோன்றுவதற்கு முன்னரும் இருந்தார்கள். நமது மீனவர்களுக்கு வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றுக்குத் திசைப் பெயர்கள் இருந்தன. எந்தக் காற்றில் கரைவலை இழுக்கலாம், எந்தக் காற்றில் தோணியை மேட்டில் ஏற்ற வேண்டும் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு. இதே கடலில் பயணித்த அறபு மாலுமிகளுக்கு அது எழுத்து வடிவிலும் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும் கடலோடியான அஹ்மத் இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் பாய்விரிக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு எழுதினார். பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அறபுச் சொல்லே போர்த்துக்கேயர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று 'மொன்சூன்' ஆயிற்று.

இன்னொரு சொல்லும் இங்கு கவனிக்கத்தக்கது. நூஹ் நபி (அலை) காலத்துப் பெருவெள்ளத்தைத் திருமறை 'தூபான்' என்று குறிப்பிடுகிறது. நமது பாட்டிமார் 'தூபான் வெள்ளம்' என்றே கதை சொன்னார்கள். அதே சொல் பாரசீகத்திலும் உருதுவிலும் கடும் புயலுக்குப் பெயராக நிற்கிறது. காற்றும் வெள்ளமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. இரண்டையும் பிரித்து, காற்றின் வேகத்தை மட்டும் அளந்து பெயர் சூட்டும் வழக்கம் பின்னால் வந்தது.

'சைக்கிளோன்' என்ற பெயர் 1848ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தது. அங்கு கடல்சார் விசாரணை மன்றத்தில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒப்பிட்டு, வங்காள விரிகுடாவின் புயல்கள் சுருண்ட பாம்பைப் போல வட்டமிட்டுச் சுழல்வதைக் கண்டு, கிரேக்க மொழியிலிருந்து அப்பெயரை ஆக்கினார். 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்த பின்னர் முறையான அவதானிப்பின் தேவை உணரப்பட்டு, 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தின் கீழ் 1907இல் கொழும்பு அவதான நிலையம் தொடங்கியது. சுதந்திர ஆண்டான 1948இல் அது தனித் திணைக்களமாயிற்று.

அக்கால எதிர்வுகூறல் என்பது பெரும்பாலும் தந்திச் செய்திதான். ஓரிடத்தில் வாயுவழுக்கம் வீழ்கிறது, இன்னோரிடத்தில் காற்றின் திசை மாறுகிறது, கடலில் ஒரு கப்பல் தத்தளிக்கிறது. இவற்றை வைத்துப் புயல் எங்கு நிற்கிறது என்று ஊகிக்க வேண்டும். கப்பல் இல்லாத கடற்பரப்பில் புயல் இருந்தால் அது எவர் கண்ணிலும் படாது. 1960 ஏப்ரலில் முதலாவது வானிலைச் செய்மதி ஏவப்பட்டபோதுதான் இந்நிலை மாறத் தொடங்கியது. ஆனால் மேகத்தின் படத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறையை அமெரிக்கரான வேர்னன் டிவோராக் வகுத்து வெளியிடுவதற்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 1964 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில், வட இலங்கையைக் கடந்து சென்ற பெரும்புயல் தனுஷ்கோடியைத் தரைமட்டமாக்கி, பாம்பனிலிருந்து சென்ற ரயிலையும் பயணிகளோடு கடலில் சேர்த்தது.

1978: வலுவிழக்காமல் வந்தது

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளி, ஏறும்போது தன் பலத்தில் எதையும் இழந்திருக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்கள் பெரும் அழிவைக் கண்டன. உயிரிழந்தோர் தொகை 900ஐத் தாண்டியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சுமார் இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமடைந்தன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சரிந்தது. தென்னை மீண்டும் காய்ப்பதற்கு ஆண்டுகள் செல்லும். எனவே அந்த இரவின் இழப்பு எண்பதுகளின் நடுப்பகுதி வரை குடும்பங்களின் வரவு செலவில் தெரிந்தது.

அதே சூறாவளி தீவைக் குறுக்கே கடந்து, மன்னார் வளைகுடாவில் இறங்கி, மறுநாள் மாலை தமிழகத்தின் கீழக்கரைப் பகுதியில் மீண்டும் கரையேறியது. மரக்கல வணிகத்தாலும் மார்க்கக் கல்வியாலும் நம்மோடு நூற்றாண்டுத் தொடர்புள்ள கீழக்கரையையும் கல்முனையையும் ஒரே புயல் ஒரு நாள் இடைவெளியில் தொட்டுச் சென்றது.

1978 நமது மக்களின் மனத்தில் ஓர் அளவுகோலைப் பதித்துவிட்டது. சூறாவளி என்றால் கூரை பறக்க வேண்டும், தென்னை முறிய வேண்டும், பனை வளைய வேண்டும். அவ்வளவுக்கு வராத எதையும் 'சும்மா காற்று' என்று தள்ளிவிடும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. 1992 நவம்பரில் கிழக்குக் கரையால் ஏறித் தூத்துக்குடிப் பக்கம் சென்ற புயலும், 2000 டிசம்பர் 26இல் திருகோணமலையைத் தாக்கிய புயலும் நம்மில் பலரது நினைவில் மங்கலாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலம் குறைவது எப்படி?

சூறாவளிக்கு உணவு வெப்பமான கடல்நீர். நீர் ஆவியாகி மேலெழுந்து மேகமாகக் குளிரும்போது வெளிவரும் வெப்பமே அந்த இயந்திரத்தை ஓட்டுகிறது. அது ஓடுவதற்கு மேகத்தூண் நேராக நிற்க வேண்டும். மேலடுக்குக் காற்று ஒரு திசையிலும் கீழடுக்குக் காற்று வேறு திசையிலும் வீசினால் தூண் சரிகிறது. சுழற்சியின் மையம் ஓரிடத்திலும் மழைமேகம் நூறு, இருநூறு கிலோமீற்றர் தள்ளி வேறிடத்திலும் நிற்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடக்கேயிருந்து வரும் உலர்ந்த காற்று உட்புகுந்தால் மேகம் வற்றும். நிலத்தை நெருங்கினால் உராய்வு. இலங்கையில் ஏறினால் மத்திய மலைநாடு சுழற்சியைக் குலைக்கும்.

இவற்றில் எது எந்த மணித்தியாலத்தில் எவ்வளவு வேலை செய்யும் என்பதுதான் எதிர்வுகூறுவோரின் தலைவலி. புயல் செல்லும் பாதையைக் கணிப்பதில் கடந்த சில தசாப்தங்களில் உலகெங்கும் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது. அதன் பலம் கூடுமா குறையுமா என்பதைக் கணிப்பதில் முன்னேற்றம் மெதுவாகவே வந்தது. இரண்டும் தனித்தனி விடயங்களுமல்ல. பலமான புயல் உயரமானது. வளிமண்டலத்தின் உயர் அடுக்குக் காற்றுகள் அதைச் செலுத்துகின்றன. பலம் குறைந்ததும் அது குட்டையாகிறது. கீழடுக்குக் காற்று அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பலத்தைத் தவறாகக் கணித்தால் பாதையும் தவறிப்போகும்.

திருக்கோவில் நிற்பது மத்தியகோட்டிலிருந்து ஏறக்குறைய ஏழு பாகை வடக்கே. இவ்வளவு தாழ்ந்த அகலக்கோட்டில் பூமியின் சுழற்சி தரும் திருப்புவிசை குறைவு. அதனால் இங்கு பெரும் சூறாவளி உருவாவது அரிது. உருவாகுபவை பெரும்பாலும் தாழமுக்கங்கள்தான். வட்டமாகத் திரளாமல் கலைந்தும் சேர்ந்தும் நகர்பவை. அவற்றின் மையம் எதுவென்று செய்மதிப் படத்தில் தேடிப் பிடிப்பதே கடினம்.

இதற்கு மேல் பெயரிடும் முறை ஒன்று உண்டு. இந்திய வானிலைத் துறையின் அளவீட்டில் மணிக்கு 31 முதல் 50 கிலோமீற்றர் வரை காற்று வீசினால் தாழமுக்கம். 51 முதல் 62 வரை ஆழமான தாழமுக்கம். 63ஐத் தொட்டால் சூறாவளி, அதற்கொரு பெயரும் கிடைக்கும். படிநிலைகள் எல்லாம் காற்றுக்கே உரியவை. எவ்வளவு மழை வரும், எவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிற்கும், ஆறும் களப்பும் ஏற்கனவே நிரம்பியிருக்கின்றனவா என்பவற்றுக்கு அப்பட்டியலில் இடமில்லை.

மூன்று பாடங்கள்

முதலாவது, 2020இன் புரெவி. டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே திரியாய் அருகே கரையேறியது. கிழக்கிலும் வடக்கிலும் ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அஞ்சிய அளவுக்கு அழிவு நேரவில்லை. பின்னர் மன்னார் வளைகுடாவில் இறங்கிய புரெவி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையேறிக் கேரளம் செல்லும் என்று கூறப்பட்டது. கேரளத்தின் ஐந்து மாவட்டங்களில் டிசம்பர் 4ஆம் திகதி விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது வலுவிழந்து இராமநாதபுரம் கரையருகே அசையாமல் நின்றுவிட்டது. கேரளத்தில் ஒன்றும் நிகழவில்லை. மாறாக, மையத்திலிருந்து வெகு தொலைவில், எவரும் புயலை எதிர்பாராத சிதம்பரத்திலும் கொள்ளிடத்திலும் ஒரே நாளில் 340 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. புயல் வலுவிழந்தது உண்மை, மழை வலுவிழக்கவில்லை.

இரண்டாவது, 2024இன் ஃபெங்கல். இது நமக்கு இன்னும் அண்மையில் நிற்பது. நவம்பர் 26ஆம் திகதி அது சூறாவளியே அல்ல. கிழக்குக் கரைக்கு அப்பால் கடலில் நகர்ந்துகொண்டிருந்த ஆழமான தாழமுக்கம். பெயர்கூடக் கிடைத்திருக்கவில்லை. அன்று மாலை காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளம் புரட்டியது. மாணவர் அறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். நாட்கணக்கில் தேடித்தான் ஜனாஸாக்கள் மீட்கப்பட்டன. அந்த மாணவர்களைக் கொண்டு சென்றது காற்றல்ல. கல்லோயாப் பள்ளத்தாக்கின் வயல்வெளிகளில் சேர்ந்து, கடலுக்கு வழி தேடி வந்த நீர்.

அதே தாழமுக்கத்தின் பின்கதையும் படிப்பினை உள்ளது. 27ஆம் திகதி அது சூறாவளியாகும் என்றார்கள், ஆகவில்லை. மேலும் தாமதித்ததும், அது ஆழமான தாழமுக்கமாகவே தமிழகக் கரையைக் கடக்கும் என்று அறிவிப்பு மாறியது. 29ஆம் திகதி பிற்பகல் எதிர்பாராமல் பலம் பெற்று 'ஃபெங்கல்' ஆயிற்று. 30ஆம் திகதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே நின்று, மயிலத்தில் 500 மில்லிமீற்றரளவு மழையைக் கொட்டியது. விஞ்ஞானிகளைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. செய்மதிகளும் கணினிகளும் கையிலிருந்தும், பலவீனமான ஒரு புயல் இரண்டு நாட்களில் மூன்று முறை கணிப்பை மாற்ற வைத்தது. கணிப்பின் இயல்பே அதுதான் என்பதை மக்களும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 2025இன் தித்வா. யெமன் நாடு வழங்கிய பெயர். சொகோத்ராத் தீவின் ஒரு களப்பின் பெயர். நவம்பர் 27ஆம் திகதி அது பெயர் பெற்றபோது அதன் மையம் பொத்துவிலுக்கு அருகே, ஏறத்தாழ நமது வாசலிலேயே இருந்தது. காற்றின் அளவில் அது சூறாவளிப் பட்டியலின் அடிப்படியில் நின்றது. 1978 உடன் ஒப்பிட முடியாத சிறிய புயல். தென்னை சரியவில்லை. ஆனால் அது மெதுவாகக் கிழக்குக் கரையோரமாகவே வடக்கு நோக்கி ஊர்ந்தது. மாத்தளைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பதிவாகியது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் கடலில் இறங்கிச் சென்னைக்கு அருகே வலுவிழந்து நின்று, தாழமுக்கமான நிலையிலும் அந்நகரை டிசம்பர் முதல் நாட்களில் வெள்ளத்தில் ஆழ்த்தியது. காற்றை மட்டும் அளப்பவருக்குத் தித்வா ஒரு சிறு புயல். உயிர்களை எண்ணுபவருக்கு அது 2004க்குப் பின் இந்நாடு கண்ட பெரும் அனர்த்தங்களில் ஒன்று.

நமது நிலத்தின் அமைப்பு

கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை நமது ஊர்கள் ஒடுங்கிய மணல்மேட்டில் வரிசையாக அமைந்தவை. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, களப்பு, ஆறு. சேனாநாயக்க சமுத்திரத்தின் கீழ்ப் பரந்த வட்டைகளின் நீரும், சாகாமக் குளத்தின் பக்கத்து நீரும், பெரிய களப்பின் நீரும் குறுகிய முகத்துவாரங்கள் வழியாகவே கடலைச் சேர வேண்டும். மாரியில் வாடைக்காற்று அலையை எழுப்பி மணலைச் சேர்த்து அம்முகத்துவாரங்களை அடைத்துவிடுகிறது. தாழமுக்கம் கடலில் நிற்கும்போது கடல் மட்டமும் சற்று உயர்ந்திருக்கும். அவ்வேளை உள்நாட்டில் பெய்த மழை வந்து சேர்ந்தால் போக இடமில்லை. எனவே காற்று ஓய்ந்து, வானொலியும் நல்ல செய்தி சொன்ன பின்னர், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் நமது வீதிகளில் நீர் உச்சத்தைத் தொடுகிறது. வானம் தெளிந்துவிட்டது என்று பயணம் புறப்படுபவர்கள் அந்நேரத்தில்தான் அகப்படுகிறார்கள். நவம்பரில் முளைவிட்ட பெரும்போக வேளாண்மை அழுகுவதும் அந்நாட்களில்தான்.

செய்ய வேண்டியவை

2004க்குப் பின்னர் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தால் நாட்டில் ஒரு முறைமை உருவானது உண்மை. மாவட்டச் செயலகத்திலிருந்து கிராம உத்தியோகத்தர் வரை செய்தி செல்லும் வழி இருக்கிறது. ஆயினும் மழைமேகத்தை நேரடியாகக் காணும் டொப்ளர் ராடர் ஒன்றுகூட, 2025 நவம்பரில் தித்வா வந்தபோது, இலங்கையில் இயங்கவில்லை. ஜப்பானின் உதவியுடன் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரு ராடர்களை நிறுவ 2017இல் ஒப்பந்தமாகியிருந்தது. ஒப்பந்தம் எழுதி எட்டு ஆண்டுகள் சென்ற பின்னரும், பொத்துவிலுக்கு மேலே நின்ற புயலைப் பொத்துவிலிலிருந்து பார்க்கும் கண் நமக்கு இருக்கவில்லை. நமது மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது, மொழி சார்ந்தது. எழுத்தாளர்களாகிய நமக்கு நேரடியாக உரியது. "தாழமுக்கம் வலுவிழந்துள்ளது" என்பது விஞ்ஞானியின் வசனம். அதில் வலுவிழந்தது காற்று. ஊர்மகன் அதைக் கேட்டு 'ஆபத்து நீங்கிவிட்டது' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறான். இவ்விரு வசனங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் உயிர்கள் போகின்றன. "காற்றின் வேகம் குறைந்துள்ளது, மழையும் வெள்ளமும் இன்னும் இரண்டு நாட்களுக்குத் தொடரும், இன்ன வீதியால் பயணிக்க வேண்டாம்" என்று அறிவிப்பு வருமானால் அதைத் தவறாக விளங்குவதற்கு இடமில்லை. நமது ஊடகவியலாளர்களும் செய்தி வாசிப்போரும் இதை நடைமுறையாக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி. ஜனாஸா அறிவித்தலும் பிறை அறிவித்தலும் நிமிடங்களில் ஒவ்வொரு வீட்டையும் எட்டுவதற்கு அதுவே நமக்கிருக்கும் வழி. வெள்ள அறிவித்தலும் அவ்வழியே வரலாம். பக்கத்து ஊர்க் கோவில்களும் அதையே செய்யலாம். திருக்கோவிலின் வெள்ளமும் அக்கரைப்பற்றின் வெள்ளமும் ஒரே களப்பின் வெள்ளம்தானே. ஒவ்வொரு மஹல்லாவிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடும் பிரதேச செயலகத்தோடும் தொடர்புடைய ஒருவரேனும் மாரிகாலத்தில் பொறுப்பாக இருந்து, குளங்களின் வான்கதவு திறப்பதையும் முகத்துவாரம் வெட்டப்பட்டிருப்பதையும் அறிந்து சொல்வாராயின், மத்ரசாவும் பாடசாலையும் பிள்ளைகளை எப்போது வீட்டுக்கு அனுப்புவது, எப்போது விடுதியிலேயே வைத்துக்கொள்வது என்பதை ஊகத்தால் தீர்மானிக்க வேண்டியிராது.

வலுவிழக்கும் புயலைக் கணிப்பது எளிதாகிவிடும் என்று எவரும் உறுதி கூற முடியாது. கணிப்பு தவறும் வேளைகள் இனியும் வரும். வராத புயலுக்காக விடுமுறை அறிவித்த கேரளத்தைப் போல நாமும் சில நாட்களை வீணே இழக்க நேரலாம். இழந்த அந்த நாட்களை ஏளனமாகப் பேசும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். வராத வெள்ளத்துக்காக வீட்டில் தங்கிய பிள்ளைக்கு ஒரு நாள்தான் நட்டம். 1978ஐ நாம் நினைவில் வைத்திருக்கிறோம், அது தேவைதான். அதன் பக்கத்திலேயே 2024 நவம்பர் 26ஐயும் எழுதி வைக்க வேண்டும். அன்று கடலில் இருந்தது பெயரில்லாத ஒரு தாழமுக்கம் மட்டுமே.